பழைய கிரகணங்கள்

ஜூலை 9, செவ்வாய்

மெஷின் அறையில் வீணான தாள்கள் குவிந்து கிடக்கின்றன. முன்பக்கம் அடுத்த வருஷத்து மாசி மாதம். தேதியின் சிவப்பு ஒரு நூல் தள்ளிப்போய், எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு எண் எட்டிப் பார்க்கிறது. பின்பக்கம் சுத்தம். அந்தப் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். சிவகாசியில் தினசரி காலண்டர் அடிக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் கடைக்குப் போய் நோட்டு வாங்குவாளா.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கோபம். இன்று மதியம் அத்தான் சொன்னார்: "ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் வெளியானதும் பழைய கம்ப்யூட்டர் போயிரும் மங்கை. எல்லாம் ஆப்பிள் வருது. பழசை எக்ஸ்சேஞ்சுக்குப் பேசியாச்சு."

அத்தான் என்பது என் வீட்டுக்காரரின் அண்ணன் தவசிலிங்கம். அச்சகம் அவர் பெயரில், வீடு அவர் பெயரில், காலையில் கல்லிலிருந்து எடுக்கும் முதல் தோசையும் அவர் பெயரில். ஆல்பம் என்பது அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளைக் கட்டி ஏஜெண்டுகளுக்குக் காட்டும் புத்தகம். பழைய கம்ப்யூட்டர் என்று அவர் சொன்னது என் கம்ப்யூட்டரை. கல்யாணமாகி வந்ததிலிருந்து ராகுகாலம், எமகண்டம், சூலம், ஒவ்வொரு தாளுக்கும் அடியில் வரும் வீட்டுக் குறிப்பு எல்லாம் நான் அதில்தான் அடித்தேன். எறும்பு வராமல் இருக்க மஞ்சள் தூள் தூவச் சொல்வது நான்தான். தமிழ்நாடு முழுக்க என் பேச்சைக் கேட்டுத் தூவுகிறார்கள், வீட்டில்தான் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கம்ப்யூட்டரில் என் சொந்தப் பொருள் ஒன்றும் இருக்கிறது. 'பழைய கிரகணங்கள்' என்று பெயர் வைத்த ஃபோல்டருக்குள். முடிந்துபோன கிரகணத்தை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள். உள்ளே என்ன என்று இங்கே எழுதமாட்டேன். இந்த வீட்டில் எந்த இழுப்பறைக்கும் சாவி கிடையாது.

ஆனால் அது எக்ஸ்சேஞ்ச் வண்டியில் ஏறாது.

ஜூலை 11, வியாழன்

பணிவாகக் கேட்டுப் பார்த்தேன். பழைய கம்ப்யூட்டரை வீட்டில் ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அந்த டப்பாவ வச்சு என்ன பண்ணப் போற?"

"என் ஃபைல் சிலது இருக்கு அத்தான்."

"பிரஸ்ல இருக்கறது பிரஸ்ஸோடதுதான. உன் ஃபைலு என் ஃபைலுன்னு என்ன இருக்கு" என்று சிரித்துக்கொண்டே சாம்பாரை ஊற்றிக்கொண்டார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் அருஞ்சுனை, தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். இவர் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவர். மெஷின் சத்தத்தில் இருந்து இருந்து, பேச்சு என்பது தேவையில்லாத ஒன்று என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

ஜூலை 14, ஞாயிறு

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஷகிலா என்னோடு படித்தவள். ஒரு பழைய லேப்டாப்பை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். திறந்தால் முகம் புதிதாக இருந்தது. விண்டோஸ் எங்கே என்றேன்.

"விண்டோஸ் இல்லடி. லினக்ஸ் போட்டிருக்கேன். வைரஸ் வராது. உங்க அத்தானும் வரமாட்டாரு."

விண்டோஸில் இருந்து இதற்கு ஃபைல் வருமா என்றேன். "எதைக் குடுத்தாலும் படிக்கும். நீ பென் டிரைவ்ல போட்டுக் கொண்டாந்தா போதும்" என்றாள். லேப்டாப் அவள் கடையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்டிகோ நீலத்தில் ஒரு பென் டிரைவ் மட்டும் என் பர்ஸில் இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

பென் டிரைவ் செருக இடமில்லை.

போன வருஷம் எங்கள் டிசைன் ஒன்று, எங்கள் ஆல்பம் வருவதற்கு முன்பே இன்னொரு அச்சகத்து ஆல்பத்தில் வந்துவிட்டது. அதிலிருந்து ஆடிப் பெருக்குக்கு முந்தின மாதம் யாரும் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அத்தானின் சட்டம். இந்த வருஷம் ஒரு படி மேலே போய், கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகும் துளைகள் அத்தனையையும் குழாய் ஒட்டும் பசையால் அடைக்கச் சொல்லிவிட்டார். அடைத்தவர் வேறு யார், இவர்தான். அண்ணன் சொன்னால் தன் மூக்கையும் அடைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு துளை மிச்சம். பின்பக்கத்தில் டாங்கிள் செருகியிருக்கும் துளை. டாங்கிள் என்பது விரல் நீளப் பூட்டு. அது செருகியிருந்தால்தான் எங்கள் தமிழ் ஃபான்ட் வேலை செய்யும், எடுத்தால் திரையில் தமிழ் போய்விடும். அதையும் சேர்த்தே ஒட்டிவிடச் சொன்னாராம் அத்தான். இவர் ஒட்டவில்லை. பசை தீர்ந்துவிட்டதாம். இவருடைய மறதிக்கும் கவனக்குறைவுக்கும் முதல்முறையாக நன்றி சொல்கிறேன்.

ஜூலை 19, வெள்ளி

டாங்கிளை உருவிவிட்டுப் பென் டிரைவைச் செருகினேன். இதைப் படிக்க முடியவில்லை, அழித்து ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டது கம்ப்யூட்டர். வேண்டாம் என்று சொல்லி எடுத்துவிட்டேன்.

மதியம் ஷகிலாவிடம் ஓடினேன். தலையில் அடித்துக்கொண்டாள். லினக்ஸுக்குத் தோதாக ஃபார்மேட் செய்து கொடுத்துவிட்டாளாம், விண்டோஸுக்கு அது புரியாதாம். இரண்டுக்கும் பொதுவாக மாற்றிக் கொடுத்தாள். "ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரு பாத்திரம் வேணும்ல" என்றாள்.

ஜூலை 22, திங்கள்

வந்துவிட்டது. முப்பத்தோரு அத்தியாயமும் பென் டிரைவுக்கு வந்துவிட்டது. டாங்கிளைப் பழையபடி செருகிவிட்டேன்.

அத்தியாயம் என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும். அது ஒரு நாவல். நான் எழுதியது. ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் எழுதியது. படிக்கிறவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

ஜூலை 24, புதன்

யாரோ படிக்கத்தான் செய்கிறார்கள். இந்தத் தாள்கள் நான் வைத்த வரிசையில் இல்லை. கனகவல்லி அக்காவாகத்தான் இருக்கும், அத்தானின் மனைவி. துணி மடித்து வைக்க என் அறைக்குள் வருகிறவள் அவள் ஒருத்திதான்.

அக்கா, படித்துவிட்டு வரிசையாக அடுக்கி வைக்கவும்.

ஜூலை 26, வெள்ளி

தாள்கள் வரிசையாக இருக்கின்றன. வரிசை மட்டுமல்ல, நான்கு ஓரமும் தட்டிச் சேர்த்து, கத்தியில் வெட்டியதுபோல் சதுரமாக. புடவையைக்கூட ஓரம் சேர்த்து மடிக்கத் தெரியாத அக்காவுக்கு இந்த நேர்த்தி எப்படி வந்தது என்று ஆச்சரியமாக இருக்கிறது.

அத்தானுக்கு விஷயம் போயிருந்தால் இந்நேரம் வீடு இரண்டுபட்டிருக்கும். அக்கா சொல்லவில்லை. அவளைப் பற்றி நான் தப்பாக நினைத்தது கொஞ்சம் அதிகம்தான்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. ஆல்பம் வெளியீடு. ஏஜெண்டுகள் மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்திருந்தார்கள். பூஜை முடிந்து எல்லோருக்கும் கேசரி. அத்தான் நல்ல நேரம் பார்த்து ஆல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்தார்.

முதல் பக்கத்தில் எப்போதும் எங்கள் குடும்பப் படம்தான். மாமியார் உயிரோடு இருந்தபோது எடுத்தது, வருஷாவருஷம் அதையே போடுகிறோம். நடுவில் மாமியார் உட்கார்ந்திருக்க, பின்னால் அத்தான், அக்கா, இவர், நான். மாமியாரின் வலது தோளுக்குப் பின்னால் வெறும் நீலத் திரை.

அந்த வெறும் இடத்தில் முன்பு கோமதி நின்றாள். இவர்களுடைய தங்கை. அச்சகத்தில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. மெஷினுக்கு அச்சுப் பிளேட் போடும் வேலைக்கு வந்த ஜோசப்பைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன அன்றே வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார் அத்தான். அவள் பையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாளாம். நான் அன்று என் அம்மா வீட்டில் இருந்தேன். திரும்பி வந்தபோது அவள் பெயரைச் சொல்வது நின்றுபோயிருந்தது. அன்று என்ன நடந்தது என்று இவரிடம் கேட்டேன். இவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டார்.

படத்திலிருந்து அவளை எடுக்கும் வேலை என்னிடம்தான் வந்தது. முகத்தை எடுத்தேன், புடவையை எடுத்தேன், நீலத் திரையால் மூடினேன். மாமியாரின் தோளில் அவள் வைத்திருந்த கையை எடுக்கவில்லை. இன்றுவரை அந்தத் தோளில் யாருடையதென்று சொல்ல முடியாத நான்கு விரல்கள் இருக்கின்றன. வருஷத்துக்கு வருஷம் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அந்த விரல்கள் போகின்றன. அத்தான் கண்ணில் இன்னும் படவில்லை.

நாவல் அவளைப் பற்றியதுதான். எழுதிய இந்த வரியைக் கோடு போட்டு அடிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. வெள்ளையாக, மெல்லிசாக, ஆஸ்பத்திரிச் சாமான் போல இருக்கின்றன. பொருத்த வந்த பையன்கள் பழைய கம்ப்யூட்டரின் டிஸ்கை நேராக இணைத்துக் காலண்டர் ஃபைல்களைப் புதியதற்கு ஏற்றினார்கள். அதற்கு முன்னால் அத்தான் ஒரு தடவை பழையதில் உட்கார்ந்தார். அடுத்த வருஷத்துக் கிரகணக் குறிப்பைச் சரிபார்க்க வேண்டுமாம்.

'பழைய கிரகணங்கள்' திறந்தது.

நான் தட்டச்சு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். முதல் அத்தியாயத்தைப் படித்தார். உதடு அசைய அசையப் படித்தார். அதில் ஒரு பெரிய அண்ணன், தங்கையின் உருவத்தைக் குடும்பப் படத்திலிருந்து எடுக்கச் சொல்கிறான், எடுத்தவள் நான்கு விரல்களை விட்டுவிடுகிறாள். படித்து முடித்ததும் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய ஆல்பப் பக்கத்துக்கு முன் நின்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நேரம் எனக்குப் பயமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வந்து ஃபோல்டரை மொத்தமாக அழித்தார்.

"இதை வெளிய எடுத்துட்டுப் போயிருக்கியா?"

"ஆமா அத்தான்."

"எங்க இருந்தாலும் அழிச்சிரு. இது என் குடும்பம்."

"என் குடும்பமும்தான்."

"அழிக்கப் போறியா இல்லையா?"

"மாட்டேன்."

பையன்கள் வயரைப் பிடித்தபடி நின்றார்கள். இவர் வாசலில் கைத்துண்டால் மசியைத் துடைத்துக்கொண்டே நின்றார். விரல் விரலாகத் துடைத்தார். அத்தான் மேல் எனக்கு வந்த கோபம் சாயங்காலத்துக்குள் ஆறிவிட்டது, இவர் மேல் வந்த கோபம் ஆறவில்லை.

பழைய கம்ப்யூட்டர் நாலு மணிக்கு வண்டியில் போனது. என் கண் முன்னால் டிஸ்கைச் சுத்தமாகத் துடைத்துத்தான் அனுப்பினார்கள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஷகிலா கடையில் லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகினேன். முப்பத்தோரு ஃபைலும் இருந்தன. ஒன்றைத் திறந்தேன்.

தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக ஒரு பக்கம் முழுக்கக் குப்பை. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும்.

ஃபைலைக் கொண்டுவந்தேன், ஃபான்டைக் கொண்டுவரவில்லை. டாங்கிளை உருவியதும் திரையில் தமிழ் போனதே, அப்போதாவது புத்தியில் உறைத்திருக்க வேண்டும். அந்த ஃபான்ட் மதுரையில் ஒருவர் எங்கள் அச்சகத்துக்கென்று செய்து கொடுத்தது. அவரும் இல்லை, அவர் கடையும் இல்லை. இருந்த ஒரே பிரதி துடைத்த டிஸ்கோடு போய்விட்டது.

ஷகிலா இணையத்தில் மாற்றித் தரும் பக்கங்களைத் தேடிப் பார்த்தாள். பாதி எழுத்து வந்தது. மிச்சத்தை மதுரைக்காரர் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கிறார். பாதித் தமிழும் பாதிக் குப்பையுமாக அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "அழாதடி, கடைக்கு ஆளு வருது" என்றாள் ஷகிலா. நான் அழுதேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பசை தேடி இவருடைய டூல் பாக்ஸைத் திறந்தேன். பாதி டியூப் பசை இருந்தது. தீர்ந்துவிட்டது என்று சொன்ன பசை. இந்த மனிதருக்கு எது இருக்கிறது எது இல்லை என்பதே தெரியாது. குழாயை நானே ஒட்டினேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று அச்சகத்தில் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

ஏஜெண்டு ஒருவர் மாதிரித் தாளில் திருத்தம் கேட்டார். ஆப்பிளில் ஃபைலைத் திறந்தார்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும். வைகாசி விசாகம் குப்பை, பிரதோஷம் குப்பை, எறும்புக்கு மஞ்சள் தூள் குப்பை. எத்தனையோ வருஷத்து ஃபைல் எல்லாம் பத்திரமாக வந்திருக்கிறது, ஒன்றையும் படிக்க முடியாது. அவர்களும் என்னைப் போலவே ஃபான்டை விட்டுவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அத்தான் மூன்று பேரைப் போனில் திட்டிவிட்டார்.

சாயங்காலம் என் மேஜைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அன்றைக்குப் பிறகு அவர் என்னோடு பேசுவது இதுதான் முதல் தடவை.

"இதுக்கு என்ன செய்யலாம் மங்கை?"

"தெரியல அத்தான்" என்றேன். உண்மையிலேயே தெரியாது.

ஆகஸ்ட் 14, புதன்

தெரிந்துவிட்டது.

மதிய இடைவேளையில் ஷகிலா கடையில் இருபதாம் அத்தியாயத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குப்பையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சேர்க்கை பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. khl;Nld; என்று. வரிக் கடைசியில், அத்தியாயக் கடைசியில், திரும்பத் திரும்ப khl;Nld;. கண்ணை மூடிக்கொண்டு அந்த எழுத்துகளைச் சும்மா மேஜையில் தட்டிப் பார்த்தேன். வலது நடுவிரல், ஆள்காட்டி, மோதிரம், சுண்டு. விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது.

மாட்டேன்.

என் கதாநாயகி வடிவு அண்ணனுக்குச் சொல்லும் பதில். அவள் அதைத்தான் அதிகம் சொல்கிறாள். ஒரு சொல் கிடைத்ததும் அதிலிருக்கும் மா, ட், டே, ன் எல்லாம் மற்ற சொற்களிலும் அடையாளம் தெரிய ஆரம்பித்தது. மதுரைக்காரர் மாற்றி வைத்த எழுத்துகளுக்குச் சுவரில் தொங்கும் இந்த வருஷத்துக் காலண்டர் இருக்கிறது. அதே ஃபான்டில் அடித்தது. அச்சான தாளையும் அதன் ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தக் குப்பை எந்த எழுத்து என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு கம்ப்யூட்டரிடம் சொல்லி மொத்தமாக மாற்றிவிடலாம்.

ஷகிலாவைக் கட்டிக்கொண்டேன். "ஏய், விடுடி, ஜெராக்ஸ் மெஷின் சூடா இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அத்தானிடம் வழி இருக்கிறது என்று சொன்னேன். முகம் மலர்ந்தது.

"காலண்டர் எல்லாத்தையும் மாத்தித் தர்றேன் அத்தான். ஆனா ஒன்னு. அதே ஆப்பிள்ல, அதே மேஜையில உக்காந்து என் நாவலையும் மாத்துவேன். நீங்க பாத்துக்கிட்டே இருக்கலாம்."

"அதை அழிக்கச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

அவர் மூக்கு விடைத்தது. கல்லாப் பக்கம் பார்த்தார், ஏஜெண்டுகளின் ஆர்டர் அட்டைகள் தொங்கும் கம்பியைப் பார்த்தார். இவர் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். ஓடுகிற மெஷினை இவர் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"முதல்ல காலண்டர்" என்றார் அத்தான்.

"முதல்ல காலண்டர்" என்றேன் நானும்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாவலைப் பாழாக்கிவிட்டேன். காலண்டர் முடியும்வரை பொறுக்காத அவசரம்.

கொம்பு இருக்கிறதே, கெ, கே-க்கு முன்னால் போடும் கொம்பு, பழைய ஃபான்டில் நாம் கையால் எழுதுகிற மாதிரியே முதலில் கொம்பு, பிறகு எழுத்து. புதிய முறையில் முதலில் எழுத்து, பிறகு கொம்பு. அதை யோசிக்காமல் மொத்தமாக மாற்றச் சொல்லிவிட்டேன். கொம்பெல்லாம் பக்கத்து வீட்டு எழுத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஓர் அத்தியாயத்தில்கூட மனிதர்கள் பேசுவது விளங்கவில்லை.

ஷகிலாவிடம் காட்டினேன். "நீ பாக்குற வரிசையில அடிச்சிருக்க. அது சொல்ற வரிசையில கேக்குது" என்றாள். பென் டிரைவில் மூலப் பிரதி பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன். முதலில் கொம்பையும் எழுத்தையும் இடம் மாற்ற வேண்டும், பிறகுதான் மற்றது. மறுபடி ஆரம்பம். கோபம் வருகிறது, ஆனால் விடமாட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

காலண்டர் முழுக்க மாறிவிட்டது. எறும்புக்கு மஞ்சள் தூள் திரும்பத் தமிழில். அத்தான் நாலைந்து தாளைச் சரிபார்த்துவிட்டு, "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

ஆல்பத்தின் முதல் பக்கத்தை அவர் இதுவரை மாற்றச் சொல்லவில்லை. விரல்கள் அங்கேயே இருக்கின்றன. சொன்னால் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

மதியம் சாப்பிடப் போகாமல் நாவலை ஓடவிட்டேன். முதல் அத்தியாயம், இரண்டு, மூன்று. ஒவ்வொன்றாகத் தமிழாகத் திரும்பி வந்தன. வடிவு திரும்பி வந்தாள். சரிபார்க்க ஒரு பிரதி அச்சிட்டு என் மேஜையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

அச்சிட்ட பிரதி காணவில்லை. கனகவல்லி அக்காவிடம் கேட்டேன். "என்ன பிரதி?" என்றாள். என் தாள்களை எதற்காகப் படித்தாய் என்று சண்டைக்குப் போனேன். "நான் எதுக்குடி உன் சீட்ட எல்லாம் படிக்கப் போறேன்? எனக்குக் கண்ணு தெரிஞ்சா நான் சீரியலப் பாக்கமாட்டேனா" என்றாள். அவள் முகத்தில் பொய் இல்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இன்று மாலை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் மேலே வந்தார். கையில் என் நாவல். நான்கு ஓரமும் தட்டிச் சேர்த்து, கத்தியில் வெட்டியதுபோல.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. என் தாள்களைச் சதுரமாக அடுக்கி வைத்தது, தீராத பசை தீர்ந்துபோனது, எல்லாம். தாளைத் தட்டி ஓரம் சேர்ப்பது அச்சகத்துக்காரன் கை. எத்தனையோ வருஷமாக இவரோடு இருந்துகொண்டு அந்தக் கையை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"இருபத்திமூணாம் அத்தியாயத்துல ஒரு தப்பு இருக்கு" என்றார்.

"என்ன தப்பு?"

"தம்பிக்காரன் ஓடிப்போயி பஸ் ஸ்டாண்டுல தங்கச்சி கையில பையக் குடுக்குறான்னு எழுதியிருக்க." கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "நான் போகல மங்கை. கேட்டுக்குள்ளயே நின்னேன். அவ தெரு முக்குல ரெண்டு தடவ திரும்பிப் பாத்தா. நான் போகல. மாத்தி எழுது."

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் எடுத்தேன். தெரியும். அன்று என்ன நடந்தது என்று கேட்டபோது இவர் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு போனாரே, அப்போதே தெரியும். தெரிந்துதான் அந்தத் தம்பியை ஓடவிட்டேன். கதையிலாவது இவர் ஓடினால்தான் இவருக்குச் சோறு போட என்னால் முடியும் என்று இருந்தது.

"மாத்தமாட்டேன்" என்றேன்.

"பொய்யில்ல அது?"

"அவன் ஓடட்டும். நான் எழுதினது எழுதினதுதான். உங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சா நீங்க சரி பண்ணிக்கோங்க."

இவர் காய்ந்த துணியைப் பாதி வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

கோமதி இருப்பது ராஜபாளையத்தில். அங்கே ஒரு சின்ன பிரஸ்ஸில் ஜோசப்போடு வேலை பார்க்கிறாள் என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு மணி நேர பஸ். யாரும் போனதில்லை.

காலையில் இவர் மெஷினுக்குப் போகவில்லை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டார். நாவலை ஒரு துணிப்பையில் வைத்தார், அதன் மேல் நீலப் பென் டிரைவை வைத்தார். "அவ கம்ப்யூட்டர் எதுவோ, அதுல திறக்குமா?" என்று கேட்டார்.

"எதுல வேணாலும் திறக்கும். இப்ப ஃபான்ட் வேண்டாம்."

தலையாட்டினார். தோசை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேட்டைத் திறந்துகொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். தெரு முக்கில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், கையை ஆட்டினேன்.

பத்து மணிக்கு அத்தான் உள்ளே வந்தார். மெஷின் சத்தம் இல்லாததால் வீடு அமைதியாக இருந்தது.

"அருஞ்சுனை எங்க? மெஷினு சும்மா கெடக்கு."

"பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்காரு அத்தான்."

"பஸ் ஸ்டாண்டுல என்ன சோலி?"

அவர் என்னைப் பார்த்தார், திறந்திருந்த கேட்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெரிய முகம் ஒரு நிமிஷம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றது. பிறகு பழைய குரல் வந்துவிட்டது.

"போனப் போட்டு அவனைத் திரும்ப வரச் சொல்லு."

"மாட்டேன்."